நிறுத்தி வைத்த வண்டியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் திருட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் கார், வேன் வைத்திருக்கும் தெரிந்தவர்கள், உறவுக்காரர்கள், எங்கள் முத்தியால்பேட்டை பக்கம் பள்ளி வேன் ஓட்டும் அண்ணன்கள் என்று பலரும் மாற்றி மாற்றிக் கேட்ட கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எல்லாருக்கும் உதவும். முழுவதும் படிக்க நேரமில்லை என்றால், எண் பொறிப்பது பற்றியும் காலையில் வண்டி உறுமினால் என்ன செய்வது என்பது பற்றியும் உள்ள பதில்களை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்றால் என்ன? சைலன்சரும் இதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் முதலில் வருவது கன்வெர்ட்டர், அதற்கும் பின்னால் இருப்பது சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர். ஆனால் பேச்சுவழக்கில் மொத்தக் குழாய்க்கும் சைலன்சர் என்றே பெயர் விழுந்துவிட்டது. அதனால் 'கார் சைலன்சர் திருட்டு' என்று செய்தி வந்தால், பெரும்பாலும் திருடனுக்கு வேண்டியது உள்ளே இருக்கும் இந்த கன்வெர்ட்டர்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே பார்த்தால் துருப்பிடித்த தகர உருளை. அதை அறுத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பீங்கான் கட்டி, அதில் தேன்கூடு மாதிரி நெருக்கமாக ஆயிரக்கணக்கான நுண்ணிய துளைகள். அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். சூடான புகை இந்தத் துளைகள் வழியாகப் போகும்போது கார்பன் மோனாக்சைடும், எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் ஆவியும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் வெறும் நைட்ரஜனாகவும் மாறிவிடுகின்றன. இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் விற்கும் புது பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது, ஈயம் கலக்காத பெட்ரோலும் கூடவே வந்தது, ஏனென்றால் ஈயம் பட்டால் அந்தப் பூச்சு வேலை செய்யாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புது பெட்ரோல் பைக், ஸ்கூட்டர் வரைக்கும் இது இல்லாத வண்டியைப் பார்ப்பது கடினம்.

இதைப் போய் ஏன் திருடுகிறார்கள்?

அந்தப் பூச்சுக்காக. ஒரு கன்வெர்ட்டரில் மூன்று உலோகமும் சேர்த்துச் சில கிராம்தான் இருக்கும், ஆனால் அந்தச் சில கிராமின் விலை அப்படி. 2021 மார்ச்சில் ரோடியம் ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 29,000 டாலருக்குப் போனது, அந்த நேரத்தில் தங்கம் அவுன்ஸ் 1,700 டாலர் பக்கம் இருந்தது. 2022 மார்ச்சில் பல்லேடியமும் 3,000 டாலரைத் தாண்டியது. ரோடியத்தில் பெரும்பகுதி தென் ஆப்பிரிக்காவிலிருந்தும், பல்லேடியம் முக்கியமாக ரஷ்யாவிலிருந்தும் தென் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருகிறது, அங்கே ஏதாவது தடங்கல் என்றால் உலகம் முழுக்க விலை குதிக்கும். இடையில் விலை நன்றாகவே இறங்கியது என்றாலும், இரவில் ஒருவனைத் தெருவுக்கு வரவைக்கும் அளவுக்கு மதிப்பு எப்போதும் இருக்கிறது.

ஆனால் உலோகத்தின் விலையை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். அந்தப் பூச்சைப் பிரித்தெடுக்க ரசாயன வேலை தெரிந்த சுத்திகரிப்பு ஆலை வேண்டும், தெருவில் திரியும் திருடனால் அது முடியாது. அவனிடமிருந்து ஒருவர் வாங்குகிறார், அவரிடமிருந்து இன்னொருவர், கடைசியில் எங்கோ ஒரு ஆலை. 2022 நவம்பரில் அமெரிக்காவில் 21 பேர் மீது வழக்குப் போட்டு சுமார் 54.5 கோடி டாலரைப் பறிமுதல் செய்யக் கோரினார்கள், அந்த வழக்கின் முக்கியப் புள்ளிகள் அறுத்தவர்கள் அல்ல, வாங்கி விற்றவர்கள். இங்கேயும் மகாராஷ்டிரா, குஜராத் பக்கம் பிடிபட்ட கும்பல்கள், கன்வெர்ட்டரை உடைத்து உள்ளே இருப்பதை 'மண்' என்று கிலோ கணக்கில் விற்றதாகச் செய்திகள் வந்தன. இந்தச் சங்கிலியை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் மேற்கொண்டு எல்லாவற்றையும் சொல்கிறேன். நாம் செய்யக்கூடியது இரண்டே வேலை: கழற்ற அதிக நேரம் பிடிக்கும்படி செய்வது, கழற்றினாலும் விற்க முடியாதபடி செய்வது.

எந்த வண்டிகளைக் குறிவைக்கிறார்கள்? என்னிடம் சின்ன பெட்ரோல் கார், நானும் பயப்பட வேண்டுமா?

உங்களுக்கு ஆபத்து குறைவு. இப்போது வரும் பெரும்பாலான சிறிய பெட்ரோல் கார்களில் கன்வெர்ட்டர் இன்ஜினை ஒட்டியே, பானெட்டுக்குள் இருக்கிறது. சீக்கிரம் சூடாகி வேலையைத் தொடங்க வேண்டும் என்பதற்காக அப்படி வைக்கிறார்கள், திருட்டுக்கும் அது தடையாகிவிட்டது. பானெட்டைத் திறந்து, தகட்டைக் கழற்றி, கை நுழையாத இடத்தில் ஸ்பேனர் போட வேண்டும்.

இந்தியாவில் அதிகம் அடிபட்ட பெயர் மாருதி ஈகோ. அதன் இன்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது, புகைக்குழாய் வண்டியின் வயிற்றோடு ஓடுகிறது, அடியில் படுத்தால் கைக்கெட்டும் தூரம். நம் ஊரில் பள்ளிக்கூட வேன், தேங்காய்த்திட்டிலும் கடலூர் துறைமுகத்திலும் விடியற்காலையில் மீன் ஏற்றும் வண்டி, கல்யாணச் சமையல்காரர் வண்டி என்று எங்கு பார்த்தாலும் இந்த மாதிரி வேன்தான், அதில் பாதி ராத்திரி முழுக்கத் தெருவில்தான் நிற்கிறது. தரையிலிருந்து உயரமாக நிற்கும் பெரிய வண்டிகளில் ஜாக்கி இல்லாமலே அடியில் நுழையலாம் என்பதால் அவற்றையும் கவனியுங்கள். ஒருமுறை பகல் வெளிச்சத்தில் போனின் கேமராவை வண்டிக்கு அடியில் நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள். குழாயில் வீங்கின மாதிரி ஒரு உருளை தெரிந்தால், அதுதான் கன்வெர்ட்டரா என்று மெக்கானிக்கிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். அந்தப் படத்தை அழிக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

எவ்வளவு நேரத்தில் கழற்றிவிடுவார்கள்?

போல்ட் நல்ல நிலையில் இருந்தால் பழகிய கைக்குச் சில நிமிடம். பேட்டரியில் ஓடும் கட்டிங் மெஷின் இருந்தால் அதைவிடக் குறைவு, ஆனால் சத்தம் வரும், பொறி பறக்கும். அதனால்தான் ஸ்பேனரையே விரும்புகிறார்கள். ஒருவர் அடியில் படுத்திருப்பார், ஒருவர் பக்கத்தில் பைக்கில் உட்கார்ந்து போன் பேசுவது போல நிற்பார், பார்ப்பவருக்கு ஏதோ வண்டி ரிப்பேர் என்று தோன்றும். நம் கடலோரத்தில் உப்புக்காற்றில் போல்ட்டுகள் துருவேறி இறுகிவிடுகின்றன, அது ஒரு பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள், இறுகின போல்ட்டை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் குழாயையே அறுப்பார்கள், அப்போது உங்கள் செலவு இரட்டிப்பாகும்.

எங்கள் வீட்டில் கார் ஷெட் கிடையாது. தெருவில் நிறுத்துவதைத் தவிர வழியில்லை. என்ன செய்வது?

புதுச்சேரியில் பாதிப் பேரின் நிலைமை இதுதான், பழைய வீடுகளில் திண்ணை இருக்கும், கார் நிறுத்த இடம் இருக்காது. உங்கள் வண்டியில் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். அந்தப் பக்கத்தைச் சுவரை ஒட்டி, ஆள் படுத்து நுழைய முடியாத அளவுக்கு நெருக்கி நிறுத்துங்கள். மறுபக்கம் தெருவிளக்கு விழும்படி இருக்கட்டும். தெருவில் இரண்டு மூன்று பேர் வேன் வைத்திருந்தால் பேசிவைத்துக்கொண்டு ஒன்றை ஒன்று அணைத்து நிறுத்தலாம், காலையில் முதலில் கிளம்புபவர் வெளிப்பக்கம். பக்கத்து வீட்டு வாசலை மறைக்காமல் செய்ய வேண்டும், இல்லையென்றால் திருடன் வருவதற்கு முன்னால் சண்டை வந்துவிடும்.

இடம் மாற்றி நிறுத்துவதும் உதவும். ராத்திரி பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை ஒரே இடத்தில், ஒரே திசையில், தினமும் நிற்கும் வண்டியைத்தான் முன்கூட்டியே வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அப்புறம் தெருவிளக்கு எரியவில்லை என்றால் நகராட்சிக்குப் புகார் கொடுத்து, எரியும்வரை விடாதீர்கள். இதைவிடச் செலவு குறைந்த பாதுகாப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி போகவிடமாட்டார்கள், மறுநாள் காலைவரை அப்படித்தான். அதனால் சனி, ஞாயிறுகளில் ஒயிட் டவுன் குறுக்குத் தெருக்கள் எல்லாம் சென்னை, பெங்களூரு வண்டிகளால் நிரம்பிவிடும், நள்ளிரவுக்கு மேல் அந்தத் தெருக்களில் ஆள் நடமாட்டம் குறைவு. தங்குமிடம் பதிவு செய்யும்போதே பார்க்கிங் உள்ளே இருக்கிறதா, காவலாளி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

திருவிழா, முகூர்த்தம், ஆஸ்பத்திரி என்று போகும்போது எங்கோ ஓர் இடத்தில் விட்டுவிட்டுத்தானே போக வேண்டியிருக்கிறது?

ஆமாம், அங்கேதான் கவனம் வேண்டும். திருவந்திபுரத்தில் நல்ல முகூர்த்த நாள் என்றால் விடியற்காலையிலிருந்தே சாலை நெடுக வேன்கள். வீராம்பட்டினம் தேருக்கும் மாசி மகத்துக்கும் திறந்தவெளியில் வரிசை வரிசையாக நிற்கும். யார் வண்டி யாருடையது என்று யாருக்கும் தெரியாத கூட்டம், ஒருவன் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. டிரைவர் இருந்தால் வண்டியோடு இருக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் வரிசையின் ஓரத்தில் விடாமல் நடுவில் விடுங்கள், அல்லது டீக்கடை, பூக்கடை மாதிரி எப்போதும் ஆள் இருக்கும் இடத்துக்கு எதிரே விடுங்கள்.

ஜிப்மருக்கு நோயாளியை அழைத்து வருகிறவர்கள் நிலைமை இன்னும் கஷ்டம். வண்டியைக் கோரிமேடு பக்கம் விட்டுவிட்டு நாள் கணக்கில் வார்டில் இருப்பார்கள், மனம் வண்டியில் இருக்காது. நாளுக்கு ஒருமுறை, சாப்பாடு வாங்கப் போகும்போதாவது, வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து அடி நகர்த்தி நிறுத்துங்கள். ஆள் வந்துபோகும் வண்டி என்று தெரியும், ஏதாவது நடந்திருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

அடியில் இரும்புத் தகடோ கம்பிக் கூடோ போடலாமா?

போடலாம். வேன் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சில ஊர்களில் இதற்கென்றே ரெடிமேடாக விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் நல்ல வெல்டிங் பட்டறையில் அளவெடுத்துச் செய்துகொள்ளலாம். ஆனால் செய்பவருக்குச் சில விஷயங்கள் புரிய வேண்டும்.

கன்வெர்ட்டர் ஓடும்போது பல நூறு டிகிரி சூடாகும். கூடு அதைத் தொடக்கூடாது, சுற்றிலும் காற்று போக இடைவெளி வேண்டும், முழுத் தகட்டால் பெட்டி மாதிரி மூடிவிடக்கூடாது. கூட்டைப் பிடிக்கும் போல்ட்டுகள் வண்டியின் சட்டத்தில் ஏற வேண்டும், கன்வெர்ட்டரின் உடம்பில் எதையும் வெல்டு வைக்கவே கூடாது. உள்ளே இருப்பது பீங்கான், விரிசல் விட்டால் துண்டு துண்டாகிக் குழாயை அடைத்துவிடும். இன்ஜின் ஆயில் இறக்கவும் மற்ற சர்வீஸ் வேலைக்கும் இடம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நம் ஊர் உப்புக்காற்றுக்குச் சாதாரண இரும்புக் கம்பி சீக்கிரம் பொத்துப்போகும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யுங்கள், 304 ரகம் பரவாயில்லை, கடற்கரையை ஒட்டியே நிற்கும் வண்டி என்றால் 316 ரகம் இன்னும் நல்லது. போல்ட்டும் அதே ரகமாக இருக்கட்டும், கூடு மட்டும் ஸ்டெயின்லெஸ், போல்ட் சாதா இரும்பு என்றால் போல்ட் முதலில் போய்விடும். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் முதலில் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கூடு போட்டால் திருடவே முடியாதா என்றால், முடியும். ஆனால் இரண்டு நிமிட வேலை பத்து நிமிட வேலையாகிவிடும், சத்தமில்லாமல் செய்யவும் முடியாது. படுத்துப் பார்த்ததுமே எழுந்து போய்விடுவான், அதுதான் நமக்கு வேண்டியது.

போல்ட்டுகளை வெல்டு வைத்துவிட்டால் போதாதா?

ஸ்பேனர் திருடனைத் தடுக்கும், கட்டிங் மெஷின் திருடனைத் தடுக்காது. பிறகு சர்வீஸுக்குக் கழற்றும்போது நீங்களும் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் தலை உடைந்துபோகும் வகை போல்ட்டுகள் இருக்கின்றன, இறுக்கும்போது ஒரு கட்டத்தில் தலை ஒடிந்து வழவழப்பான குமிழ் மட்டும் மிஞ்சும், ஸ்பேனர் பிடிக்காது. எப்படியிருந்தாலும் வண்டியில் எங்கே வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் போர்டு பழுதாகலாம்.

கன்வெர்ட்டரில் வண்டி எண்ணைப் பொறிக்கச் சொல்கிறார்கள். அதனால் என்ன பயன்?

நிறையப் பயன் இருக்கிறது, நம் ஆட்கள் இதைத்தான் செய்வதில்லை. கார் திருடுபோனால் நம்பர் பிளேட், சேசிஸ் எண் என்று அடையாளம் இருக்கிறது. கன்வெர்ட்டரில் உங்களுடையது என்று காட்ட ஒன்றும் இல்லை. போலீஸ் ஒரு குடோனில் நாற்பது கன்வெர்ட்டரைப் பிடித்தாலும், எது யாருடையது என்று தெரியாவிட்டால் திருட்டுப் பொருள் என்று நிரூபிப்பதே சிரமம், வாங்கினவர் 'பழைய வண்டியிலிருந்து வந்தது சார்' என்று சொல்லிவிடுவார்.

பாத்திரத்தில் பெயர் வெட்டும் கையடக்க மெஷினே போதும். வண்டி நன்றாக ஆறிய பிறகு, லிஃப்ட்டில் ஏற்றியிருக்கும்போது, கன்வெர்ட்டரின் வெளித் தகட்டில் பதிவு எண்ணைப் பொறிக்கச் சொல்லுங்கள், பிஒய்-01 என்றோ டிஎன்-31 என்றோ தொடங்கும் முழு எண், அதற்குக் கீழே சேசிஸ் எண்ணின் கடைசி ஆறு இலக்கம். ஆழமாக வெட்ட வேண்டாம், தகட்டின் மேல்பரப்பில் தெரிந்தால் போதும். இரண்டு இடத்தில் பொறிப்பது நல்லது, வெளிப்படையாகத் தெரியும் இடத்தில் ஒன்று, மேல்பக்கம் மறைவாக ஒன்று. அதன் மேல் வெப்பம் தாங்கும் பெயின்ட்டைப் பளிச்சென்ற நிறத்தில் அடித்துவிட்டால், படுத்துப் பார்க்கிறவனுக்கு இது குறியிட்ட பொருள் என்று டார்ச் வெளிச்சத்திலேயே தெரியும். பொறித்ததையும், வண்டி நம்பர் பிளேட்டையும், ஆர்சி புத்தகத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

அலாரம், ஜிபிஎஸ், கேமரா இதெல்லாம் உதவுமா?

ஜிபிஎஸ் உதவாது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், போனது அதன் உறுப்பு மட்டும். அலாரம் வாங்கினால் வண்டி சாய்ந்தாலோ அதிர்ந்தாலோ கத்தும் சென்சார் உள்ளதாக வாங்குங்கள், கதவைத் திறந்தால் மட்டும் கத்தும் அலாரம் இதற்குப் பயனில்லை.

கேமராவில் பலர் செய்வது, மாடியில் மாட்டித் தெரு முழுவதையும் காட்டுவது. அதில் வண்டியின் கூரை அழகாகத் தெரியும், அடியில் படுத்திருப்பவன் தெரியமாட்டான். ஒரு கேமராவாவது ஆள் உயரத்துக்குக் கீழே, சக்கரமும் தரையும் தெரியும்படி இருக்க வேண்டும். ரெக்கார்டரில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், கரண்ட் போய் வந்த பிறகு பல மெஷின்களில் நேரம் தவறிவிடும், வழக்கு என்று வந்தால் அந்தத் தவறு பெரிதாகிவிடும். பழைய பதிவு தானாக அழிந்துவிடும் என்பதால் திருட்டு தெரிந்த அன்றே அந்த இரவின் பதிவைத் தனியாக எடுத்து வையுங்கள், எதிர்வீடு, கடை, பெட்ரோல் பங்க் பதிவுகளையும் அன்றே கேளுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்தால் டிராக்டர் மாதிரி உறுமுகிறது. திருடிவிட்டார்களா? அப்படியே மெக்கானிக்கிடம் ஓட்டிப் போகலாமா?

உடனே இன்ஜினை நிறுத்துங்கள், அடியில் பாருங்கள். திருட்டு என்றால் சந்தேகமே இருக்காது: குழாயின் நடுவே ஒரு முழம் இடைவெளி, அறுத்த முனை மற்ற இடமெல்லாம் துரு பிடித்திருக்க அது மட்டும் வெள்ளியாக மின்னும், ஆக்ஸிஜன் சென்சாரின் ஒயர் வெட்டுப்பட்டுத் தொங்கும், தரையில் இரும்புத் தூளோ கழற்றிய நட்டோ கிடக்கும். டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கும் எரியலாம். குழாய் முழுசாக இருந்தும் சத்தம் வந்தால் அது வெறும் ஓட்டையாகவோ கேஸ்கட் பழுதாகவோ இருக்கும்.

ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன், குறிப்பாகப் பள்ளி வேன்காரர்களை. குழாய் அறுந்த இடத்திலிருந்து புகை நேராக வண்டியின் வயிற்றுக்குக் கீழே விடப்படுகிறது, அங்கிருந்து தரைத் தகட்டு இடுக்குகள் வழியாக உள்ளே ஏறும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஏசி போட்டுக் கண்ணாடி ஏற்றிய வண்டியில் பிள்ளைகள் தூங்கிவிட்டதாக நினைப்போம். அதோடு அந்தச் சூடான புகை ஒயரிலோ ரப்பர் குழாயிலோ பட்டுக்கொண்டே இருக்கும். அன்றைய டிரிப்புக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள், பெற்றோருக்கு உண்மையைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். எந்த இடத்தையும் தொடாமல் முதலில் படம் எடுங்கள், கிடக்கும் நட்டைக் கூட போலீஸ் பார்க்கும்வரை எடுக்க வேண்டாம், பிறகு வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் லாரியையோ வேனையோ கூப்பிடுங்கள்.

வீடு புதுச்சேரி கிருமாம்பாக்கம், வண்டி நின்றது கடலூர் மஞ்சக்குப்பம். எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது?

நம் ஊருக்கே உரிய சிக்கல் இது. எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு போலீஸ். பகலில் கடலூரில் நிறுத்தி, ராத்திரி வீட்டு வாசலில் நிறுத்தி, காலையில்தான் தெரிகிறது என்றால் எங்கே நடந்தது என்று உங்களுக்கே குழப்பம் இருக்கும், ஸ்டேஷனில் 'அங்கே போங்க' என்று சொல்லவும் வாய்ப்புண்டு. சத்தம் எப்போது மாறியது என்று யோசித்தால் பெரும்பாலும் இடம் தெரிந்துவிடும், கடலூரிலிருந்து வீடு வரை சாதாரணமாக ஓடியிருந்தால் திருட்டு உங்கள் தெருவில்தான் நடந்திருக்கிறது.

ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம், அதை ஜீரோ எஃப்ஐஆர் என்கிறார்கள், அவர்களே உரிய ஸ்டேஷனுக்கு மாற்றிவிட வேண்டும். மின்னணு வழியாகவும் புகார் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிவு செய்ய மறுத்தால் அதே புகாரை எழுத்தில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம்.

'சைலன்சர் காணோம்' என்று மட்டும் எழுதாதீர்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று எழுதி, பொறித்த எண், பாகத்தின் விலை, கடைசியாக வண்டியைச் சரியாகப் பார்த்த நேரம் எல்லாம் குறிப்பிடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் சாதாரணத் திருட்டுக்கு 303-வது பிரிவு, மூன்று ஆண்டு வரை தண்டனை. பயணிகளோ சரக்கோ ஏற்றும் வாகனத்திலிருந்து பொருளைத் திருடினால் 305, அதில் ஏழு ஆண்டு வரை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குபவருக்கு 317, அதையே தொழிலாகச் செய்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம்.

இன்சூரன்ஸில் பணம் கிடைக்குமா?

தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் கிடைக்காது. முழு பாலிசி என்றால் திருட்டுக்கு வழி இருக்கிறது, ஆனால் வாகன வகைக்கு வகை விதிகள் மாறும், அதனால் உங்கள் பாலிசியில் பாகங்கள் மட்டும் திருடுபோவதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஏஜென்ட்டிடம் இப்போதே கேளுங்கள். கணக்கையும் போட்டுப் பாருங்கள். உலோகப் பாகத்துக்கு வண்டியின் வயதுப்படி தேய்மானம் கழிப்பார்கள், 3 முதல் 4 வயது வண்டிக்கு 25 சதவீதம், 5 முதல் 10 வயதுக்கு 40 சதவீதம், அதற்கு மேல் 50. இந்தத் தேய்மானம் வேண்டாம் என்றால் ஜீரோ டெப் சேர்த்திருக்க வேண்டும். 1500 சிசி வரையிலான சொந்தக் காருக்கு முதல் 1,000 ரூபாய் உங்கள் பொறுப்பு, அதற்கு மேல் 2,000. கிளெய்ம் போட்டால், கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி போய்விடும், ஐந்து வருடம் சேர்த்து 50 சதவீதத்தில் இருப்பவர் இதை யோசிக்க வேண்டும். கிளெய்ம் போடுவது என்று முடிவு செய்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்ப்பதற்கு முன் வேலையைத் தொடங்க வேண்டாம்.

மெக்கானிக் 'அது இல்லாமலே ஓடும், நேர் பைப் போட்டுத் தருகிறேன்' என்கிறார். போடலாமா?

வேண்டாம். ஓடும் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் புகையை உங்கள் தெருப் பிள்ளைகள்தான் சுவாசிப்பார்கள். பியூசி என்ற புகைச் சோதனையில் பிஎஸ்-4, பிஎஸ்-6 பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, கன்வெர்ட்டர் இல்லாமல் அதைத் தொடுவது கடினம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பில் தரமாட்டேன் என்றால் அது உங்களைப் போல இன்னொருவரின் வாசலிலிருந்து வந்ததாக இருக்கலாம், 317-வது பிரிவு உங்கள் மேலும் பாயும். அதைவிட, வெளியே நன்றாக இருந்து உள்ளே மண்ணை எடுத்துவிட்ட வெறும் கூடாகவும் இருக்கலாம். ஷோரூம் பாகத்தின் விலை கசக்கும், ஆனால் பில்லோடு வாங்கிப் பொருத்தி, அன்றைக்கே எண்ணைப் பொறித்து, கூட்டையும் போட்டுவிடுங்கள். ஒருமுறை திருடிய வண்டிக்குப் புதுசு வந்துவிட்டதா என்று திரும்பி வந்து பார்ப்பவர்கள் உண்டு.

பட்டறையில் விட்ட இடத்தில் மாற்றிவிட்டால் எப்படித் தெரியும்?

பொறித்த எண் இருந்தால் ஒரு நொடியில் தெரியும். இல்லாவிட்டால் விடும் முன் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள், புது வெல்டிங் தழும்பு, புது நட்டு, சத்தத்தில் மாற்றம். பழுதான கன்வெர்ட்டரை மாற்றினால் பழையதை உங்களிடமே தரச் சொல்லுங்கள், அது குப்பை இல்லை, அதற்கு விலை உண்டு. பழைய வண்டியைக் காயலான் கடைக்கோ அரசு அங்கீகரித்த ஸ்கிராப் மையத்துக்கோ கொடுக்கும்போதும் கன்வெர்ட்டருக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

பைக், ஸ்கூட்டர், ஆட்டோ?

அவற்றில் கன்வெர்ட்டர் சிறியது, உலோகமும் குறைவு, ஆனால் சைலன்சரோடு சில போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். ரயில் நிலையம், பழைய பேருந்து நிலையம் மாதிரி இடங்களில் நாள் கணக்கில் விடுவதாக இருந்தால் டோக்கன் தரும் ஸ்டாண்டில் விடுங்கள். வீட்டில் என்றால் சைலன்சர் பக்கம் சுவரைப் பார்த்து நிற்கட்டும்.

ராத்திரி ஒருவன் வண்டிக்கு அடியில் படுத்திருப்பதைப் பார்த்தால்? அவன் படத்தைத் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் போடலாமா?

கிட்டே போகாதீர்கள், கையில் கட்டிங் மெஷினோ இரும்புக் கம்பியோ இருக்கும். வீட்டு விளக்கைப் போடுங்கள், மாடியிலிருந்து குரல் கொடுங்கள், 112-க்கு அழையுங்கள், தப்பி ஓடினால் பைக் எண்ணையும் போன திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் உள்ளவர்களை எச்சரிக்க 'இந்த நேரத்தில் இங்கே நடந்தது, எல்லாரும் வண்டியைப் பாருங்கள்' என்று குழுவில் போடுவது நல்லது. முகம் தெரியும் படத்தை மட்டும் போடாதீர்கள், போலீஸிடம் கொடுங்கள். டயர் மாற்றிக்கொண்டிருந்த வெளியூர்க்காரரின் படமாக இருந்துவிட்டால், மறுநாள் காலை அவரைத் தெருவில் பார்ப்பவர்கள் நிதானமாகக் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார்கள்.